பாட்டில் கேக்கும் இருபத்தொரு தட்டும்

“பாட்டிலுக்குள்ள வெந்தது முழுசா வெளிய வருமாடி?” என்று அத்தை என்னிடம் கேட்டாள். வராது என்று முன்பே முடிவு செய்துவிட்டவளின் கேள்வி அது. நான் பச்சைத் தென்னங்கீற்றால் கட்டிய குடிசைக்குள் பாய்மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் ஐந்தடி தள்ளி, இடுப்பில் கைவைத்து நின்றாள். வரும் என்று சொன்னேன். அது மாமா சொன்னது. என் கண்ணால் அதுவரை நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, ஏழாம் வகுப்பு. பாகூரைத் தாண்டி, நெல்லும் கரும்பும் மாற்றி மாற்றிப் போடும் ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் மூன்றாம் வகுப்பைத் தாண்டியதில்லை. நான் தாண்டினேன், நன்றாகவும் படித்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு அப்போது தெரியாது, இப்போதும் தெரியவில்லை. டவுனில் இருந்த ஒரு விடுதிப் பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு எங்கள் பள்ளியிலிருந்து என் ஒருத்தியைத்தான் அனுப்பினார்கள். தேறினால் பன்னிரண்டாம் வகுப்புவரை அங்கேயே தங்கிப் படிக்கலாம். தேர்வு ஞாயிற்றுக்கிழமை காலை. அதற்கு முந்தைய வாரம் சனிக்கிழமை நான் பெரிய மனுஷி ஆனேன்.

எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. பெண்ணைத் தனியாக ஓலைக் குடிசையில் உட்கார வைப்பார்கள். ஏழு, ஒன்பது, பதினாறு என்று ஒரு நாளைக் குறித்து, அன்றைக்குத் தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு வந்து, மஞ்சள் நீராட்டி, குடிசையைப் பிரித்துப்போட்டு, பெண்ணை வீட்டுக்குள் அழைத்துக்கொள்வார்கள். அதுவரை அவள் எதையும் தொடக்கூடாது. அவளையும் யாரும் தொடக்கூடாது. தொட்டால் தலைமுழுக வேண்டும்.

நாள் குறிக்கிறவள் அத்தை. அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதில் தாய் தகப்பன் இல்லாமல் போன அப்பாவைச் சோறு ஊட்டி வளர்த்தவள் என்பதால், எங்கள் வீட்டில் அவள் பேச்சுக்குப் பிறகு பேச்சில்லை. எங்கள் தோட்டத்துக்கும் அவள் தோட்டத்துக்கும் நடுவே ஒரு கிளுவை வேலிதான். அவளுக்கு ஒரே மகன், டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தான். என்னைத் தொட்டில் நாளிலிருந்தே அவள் மருமகளே என்றுதான் கூப்பிடுவாள். விளையாட்டுக்குக் கூப்பிடுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

அத்தை பதினாறாம் நாளைக் குறித்தாள். தேர்வு ஒன்பதாம் நாள். அம்மா அழுதாள். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். முடிவு எடுக்க வேண்டிய நேரங்களில் எங்கள் மாட்டுக்கு எப்போதும் தாகம் எடுக்கும்.

பேசியது மாமாதான். அம்மாவின் தம்பி. குடிசை கட்டுவது தாய்மாமன் உரிமை என்பதால் ஞாயிற்றுக்கிழமையே வந்து கீற்று முடைந்துகொண்டிருந்தார். ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை, நல்ல நாள்தானே, அன்றைக்கே முடித்துவிட்டால் குழந்தை போய்ப் பரீட்சை எழுதுமே என்று கீற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏழா நாளே வெச்சிக்கலாம்பா. இருபத்தோரு தட்டு கொண்டாந்துடுவியா?”

“கொண்டாரேன்க்கா.”

“ஒன்னு கொறஞ்சாலும் பதினாறுதான்.”

மாமா டவுனில் ஒரு தங்கும் விடுதியின் சமையலறையில் வேலை பார்த்தார். அவரால் ஐந்து நாளில் இருபத்தொரு தட்டு நிரப்ப முடியாது என்பது அத்தைக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், குடிசைக்குள் இருந்த எனக்கும் தெரியும். மாமாவுக்கு மட்டும் தெரிந்ததாகத் தெரியவில்லை. புடவை, வளையல், பூ, பழம், தேங்காய், வெற்றிலை என்று சுற்றி வளைத்ததில் பன்னிரண்டு தட்டு தேறியது. மிச்சம் ஒன்பது. அந்த ஒன்பதிலும் பாட்டில் கேக்கு வைத்துவிடலாம் என்றார்.

அந்த விடுதியில் வெளிநாட்டு அம்மா ஒருவர் மூன்று மாதம் தங்கியிருந்தாராம். வாழைப்பழத்தைப் பிசைந்து, மாவும் சர்க்கரையும் சேர்த்து, கண்ணாடி பாட்டிலில் பாதிவரை ஊற்றி, பாட்டிலோடு வேகவைப்பாராம். சுடச்சுட மூடியைப் போட்டால், ஆறும்போது மூடி டொக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளுமாம். அந்த டொக்கை மாமா நாக்கால் செய்து காட்டினார். பட்டர் தடவாத, முட்டை உடைக்காத கேக்கு. சீர்த்தட்டில் வைக்க ஒரு குறையும் இல்லை. கண்ணாடிக்குள் பளபளவென்று தெரிவதால் தட்டும் நிறைந்து நிற்கும். தட்டுக்கு இரண்டு பாட்டில், மொத்தம் பதினெட்டு.

டவுனில் அவருக்கு இருந்தது ஒற்றை அறை, அதில் விறகு மூட்ட முடியாது. அதனால் எங்களுக்கு வர வேண்டிய சீர் எங்கள் தோட்டத்திலேயே வெந்து, பின்வழியாகப் பிள்ளையார் கோயிலுக்குப் போய், முன்வழியாக மேளத்தோடு வருவதாக ஏற்பாடு. யாரும் இதில் சிரிக்கவில்லை.

மதகடிப்பட்டில் பழைய சாமான் கடை, ஊரில் உள்ள வீடுகள் என்று அலைந்து மாமா பாட்டில் சேர்த்தார். கழுத்து ஒடுங்காமல் நேராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேக்கு வெளியே வராது. முக்கால்வாசி ஊறுகாய் பாட்டில்கள். அம்மா சாம்பல் போட்டு, எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தும் மாங்காய் வாசனை போக இரண்டு நாள் ஆனது. வேலியோரம் பலகைமேல் வெயிலில் கவிழ்த்திருந்தவற்றிலிருந்து வெளிச்சம் தெறித்து என் குடிசைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். எனக்கும் அப்படி ஓட வேண்டும் போலிருந்தது. குடிசை நீளத்துக்கு மூன்று எட்டு, அகலத்துக்கு இரண்டு. நான் எத்தனை முறை நடந்தேன் என்பதைப் பாய் அறியும். சாலையில் பள்ளிக்கூட வேன் ஹாரன் காலையும் மாலையும் கேட்கும்போது எழுந்து நின்றுவிடுவேன்.

புத்தகத்தையும் தொடக்கூடாது, அது சரஸ்வதி. இதற்கும் மாமாவே வழி கண்டுபிடித்தார். பழைய வினாத்தாள்களைப் பிரித்து, எதிரே துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினார். தொடவில்லையே, பார்க்கத்தானே செய்கிறாள் என்று அத்தையிடம் வாதாடினார். அம்மாவின் புடவைக்கும் அப்பாவின் லுங்கிக்கும் நடுவே விகிதமும் பின்னமும் ஆடிக்கொண்டிருக்கும். கணக்கைப் பாதி படிக்கும்போது காற்று அடித்துத் தாள் திரும்பிக்கொள்ளும். நான் எட்டிப் பார்ப்பேன். ஐந்தடி தாண்டிப் போகக் கூடாது. காற்று மனம் மாறும்வரை உள்ளங்கையில் விரலால் எழுதிக்கொண்டு காத்திருப்பேன்.

வியாழக்கிழமை காலை அடுப்பு மூட்டினார்கள். மூன்று கல் கூட்டி, பெரிய அலுமினிய அண்டாவில் ஆற்று மணல் கொட்டி, மணல் நன்றாகச் சுட்டதும் ஆறு பாட்டில்களை அதில் நிற்க வைத்து, தட்டுப் போட்டு மூடி, மூடியின் மேலும் தணல் பரப்பினார் மாமா. ஆப்ப சோடாவும் தயிரும் சேர்ந்துவிட்டால் மாவு காத்திருக்காது என்று எனக்குக் கேட்கும்படிச் சொல்லிக்கொண்டே கலக்கினார். கால் மணி நேரம் தாண்டினால் கேக்கு இல்லை, களிதான். குடிசையில் கடிகாரம் இல்லை. இரண்டாம் வாய்ப்பாட்டிலிருந்து பதினாறாம் வாய்ப்பாடுவரை நான் நான்கு முறை சொல்லி முடித்தபோது தட்டைத் திறந்தார். வாழைப்பழமும் சர்க்கரையும் வெந்த வாசனை தெருவரை போயிற்று. ஆறும் தலைப்பாகை கட்டியது போல் உப்பி, நடுவில் வெடித்து நின்றன. மூடி போட்டு ஆறவிட்டார். டொக், டொக்கென்று ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டது. அம்மா அப்போது கரும்புக் கொல்லையில் இருந்த அப்பாவுக்குச் சோறு கொண்டு போயிருந்தாள்.

இரண்டாவது ஈடு இறங்கியபோது அம்மா வந்துவிட்டாள். வரிசையாக நின்ற பாட்டில்களைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் பிறந்த வீடு தலைநிமிரப் போகிறது. ஓடிப்போய் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்தாள். எங்கள் வீட்டில் மஞ்சள் பொட்டு வைக்காமல் எதுவும் தொடங்காது. மண்வெட்டிக்கு வைப்பாள், மிக்சிக்கு வைப்பாள், என் புத்தகப் பைக்கு வைத்திருந்தாள். சீர்ச் சாமானுக்கு வைக்காமல் இருப்பாளா? மாமா அண்டாவுக்குள் குனிந்து கடைசி பாட்டிலை எடுத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்வதற்குள் அம்மா ஈர மஞ்சள் விரலால் வரிசையாக மூன்று பொட்டு வைத்துவிட்டாள்.

டிக். டிக். டிக். சுடுகண்ணாடியில் குளிர்ந்த விரல் பட்ட இடத்திலிருந்து கோடு கிளம்பி மேலும் கீழும் ஓடியது. நான்காவதில் விரல் பட்டதும் அதை இழுத்து விலக்கப் பார்த்தார் மாமா. அடிப்பாகம் தனியாக விழுந்தது. மேல்பாகம் அவர் உள்ளங்கையைக் கட்டைவிரல் தொடங்கி மணிக்கட்டுவரை திறந்துவிட்டது.

அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் வண்டியை எடுத்து வந்தார். துண்டைச் சுற்றிக்கொண்டு மாமா நடுவில் உட்கார, அம்மா பின்னால் ஏறினாள். ஏறுவதற்கு முன்பே, கண்ணாடி தெறித்த ஈடு முழுவதையும் அம்மாவைக் குழியில் கொட்ட வைத்தார், ஒன்றைக்கூட யாருக்கும் கொடுக்காதே என்றார். வண்டி கிளம்பும்போது திரும்பிப் பார்த்து, “மாவு” என்றார். அவ்வளவுதான்.

மூன்றாவது ஈட்டுக்கான மாவு கலந்து குண்டானில் இருந்தது. எண்ணெய் தடவிய ஆறு பாட்டில்கள் பக்கத்தில் நின்றன. அண்டாவில் மணல் சூடாக இருந்தது. நான் கணக்குப் போட்டேன், அதற்கு வினாத்தாள் தேவைப்படவில்லை. கையில் இருப்பது முதல் ஈட்டின் ஆறு பாட்டில். தட்டுக்கு ஒன்று என்று வைத்தாலும் ஆறு தட்டு. பன்னிரண்டும் ஆறும் பதினெட்டு. மூன்று தட்டு குறையும். ஞாயிற்றுக்கிழமை காலை நான் இதே பாயில் உட்கார்ந்திருப்பேன். குண்டானில் குமிழிகள் வந்து வந்து உடைந்துகொண்டிருந்தன.

குடிசையை விட்டு வெளியே வந்தேன்.

கையை மூன்று முறை கழுவினேன், எதற்கு மூன்று என்று தெரியாது. ஈரம் போகத் துடைத்தேன்; ஈரம் என்ன செய்யும் என்பதை இப்போதுதான் பார்த்திருந்தேன். பாதி அளவுக்கு மாவை ஊற்றி, காய்ந்த துணியால் பிடித்து மணலில் இறக்கி, தட்டு மூடி, தணலை மேலே தள்ளினேன். பிறகு அடுப்பைச் சுற்றி நடந்துகொண்டே வாய்ப்பாடு சொன்னேன். அவசரத்தில் வேகமாகச் சொல்லிவிட்டேனோ என்று ஐந்தாவது முறையும் சொன்னேன். ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தேன். ஒட்டவில்லை.

ஐந்து பாட்டில்களை வெளியே எடுத்து வைத்துவிட்டேன். ஆறாவது துணிக்குள் வழுக்கியது. அது கீழே போவதற்குள் என் தோளுக்கு மேலாக ஒரு கை வந்து, முந்தானையோடு சேர்த்து அதைப் பிடித்தது. அத்தை.

இரண்டு பேரும் ஒரே பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவள் கை என் கைமேல் இருந்தது.

“நீ தொட்டத யாருடி துன்னுவா?”

“பாட்டிலத்தான் தொட்டேன் அத்த. கேக்க தொடல.”

அவள் என்னைப் பார்த்தாள். குழியில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தாள். கொடியில் ஆடிய தாள்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. சூடு முந்தானையைத் தாண்டி ஏறியிருக்க வேண்டும், பாட்டிலைப் பலகைமேல் வைத்தாள்.

“மூடி எங்க?”

எடுத்துக் கொடுத்தேன். ஆறையும் அவளே மூடினாள், உதட்டைக் கடித்துக்கொண்டு. பிறகு உள்ளே போய் உட்காரச் சொன்னாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் குடம் குடமாகத் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. என்னைத்தான் கழுவி விடுகிறாள் என்று நினைத்தேன். அப்பா வந்ததும் சொல்லிவிடுவாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது. பாயில் உட்கார முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

மாமா ஆறு தையலோடு சாயங்காலம் திரும்பினார். அம்மா பலகையைப் பார்த்துத் திகைத்து நின்றபோது, அத்தை ஈரத்தலையை முடிந்துகொண்டு வேலியோரம் வந்தாள்.

“ஒன் தம்பி மாவ கலக்கி வெச்சிட்டுப் போயிட்டான். வீணாப் போவுதேன்னு நாந்தான் ஊத்தி வெச்சேன்.”

அம்மா அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அண்ணி அண்ணி என்று அழுதாள். நான் வாயைத் திறந்தேன். அத்தை என் பக்கம் திரும்பினாள்.

“இன்னாடி மருமவளே, பரிச்சைக்குப் படிக்கலியா?”

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலிலிருந்து மேளத்தோடு சீர் வந்தது. கட்டுப் போட்ட கையால் மாமா முதல் தட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். இருபத்தொன்று என்று அத்தையே சத்தமாக எண்ணி முடித்தாள். முதலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றியதும் அவள்தான். பாட்டில்களைக் கவிழ்த்தபோது சிலதில் கேக்கு முழுதாக வழுக்கி வந்தது, மிச்சத்தைக் கரண்டியால் தோண்டினார்கள். யாரும் குறை சொல்லவில்லை. கொஞ்சம் மாங்காய் வாசனை அடிக்கிறது என்று ஒருத்தி சொன்னாள், அதுவே ருசி என்றாள் இன்னொருத்தி. யார் செய்தது என்று பெண்கள் கேட்டபோதெல்லாம் பாதி தன் கையால் வைத்தது என்று அத்தை தயங்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு ஒரு துண்டை எடுத்து எல்லார் முன்னாலும் முதலில் வாயில் போட்டுக்கொண்டாள்.

பட்டுப் பாவாடையும் மாலையுமாக உட்கார்ந்திருந்த எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் செய்தது. நான் ஊற்றியது. ஐந்து முறை வாய்ப்பாடு சொன்னது நான். வகுப்பில் என் விடையைப் பார்த்து எழுதியவளிடம் மூன்று மாதம் பேசாமல் இருந்தவள் நான். அத்தையிடம் எத்தனை மாதம் என்று எனக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு எழுதினேன். தேறினேன். விடுதிக்குப் போனேன். அங்கே தோழிகளிடம் இந்தக் கதையைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதில் அத்தை திருடி. விடுமுறைக்கு வரும்போது அவள் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவேன். மருமகளே என்று அவள் கூப்பிடுவது எப்போது நின்றது என்றுகூட நான் கவனிக்கவில்லை.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அத்தை மகனுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் கரியமாணிக்கம். நிச்சயத்துக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த அம்மா, பழத்தைத் துடைத்தபடியே, இது உனக்கு வந்திருக்க வேண்டிய தட்டு என்றாள். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“அண்ணி அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ எங்கடி போயிருப்ப? பாட்டில் மேல மாவு வெரலு இருந்திச்சி. சின்ன வெரலு. நான் தொடச்சிட்டுத்தான் தட்டுல வெச்சேன்.”

அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டு பெண்களும் வேலியோரம் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, ஒருத்தி சொன்ன பொய்யை இன்னொருத்தி தெரிந்தே வாங்கிக்கொண்டிருக்கிறாள். நான் தொட்டேன் என்று அத்தை சொல்லியிருந்தால் அந்தப் பாட்டில்கள் குழிக்குப் போயிருக்கும், தட்டு குறைந்திருக்கும், பதினாறாம் நாள் வந்திருக்கும். நான் அவள் மகன் டிராக்டரில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு வருவதைப் பார்த்துக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருப்பேன். அவள் ஆசைப்பட்டது அதைத்தான். இருபத்தொரு தட்டு கேட்டது அதற்காகத்தான் என்று அன்றைக்கே எனக்கு அரைகுறையாகத் தெரியும். கேட்டவளே ஏன் அதை நிறைத்துக் கொடுத்தாள் என்று கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. கேக்கு யாருடையது என்பதிலேயே நின்றுவிட்டேன்.

இதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்றுவரை பேசியதில்லை. அவள் பேச மாட்டாள், எனக்குத் தொடங்கத் தெரியவில்லை. ஐதராபாத்தில் முதுகலைக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை, சேர்ந்துகொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன், ரயிலுக்கும் முன்பதிவு செய்தாயிற்று. அப்பாவிடம் சொல்வதற்கு முன்னால், வேலியைத் தாண்டிப் போய் அத்தையிடம் சொன்னேன்.